வீட்டிலேயே செய்த கருவிகளை வைத்து கார் வேலை: எது நிற்கும், எது கைவிடும்?

#1 – ஞாயிறுமெக்கானிக்

எல்லோருக்கும் வணக்கம். பாதி வேலையில் மாட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

முன்சக்கரத்தில் ஒரு மாதமாக 'உம்ம்' என்று ஒரு சத்தம். வேகம் ஏற ஏற அதுவும் ஏறும். சக்கரத்தைத் தூக்கி ஒரு கையால் சுற்றிவிட்டு, மறு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வைத்துப் பார்த்தேன். மணல் அரைபடுவது போல விரலில் தெரிந்தது. பேரிங் போய்விட்டது என்று முடிவு செய்து பிரித்தேன். என் காரில் பேரிங், சக்கரத்தைத் தாங்கும் உலோகக் கூடான நக்கிளுக்குள் அழுத்தி உட்கார்ந்திருக்கும் வகை. அதை அழுத்தி எடுக்கும் பிரஸ் இயந்திரம் என்னிடம் கிடையாது. அதனால் 12 மில்லி மரைக்கம்பி, நான்கைந்து வாஷர், ஒரு பெரிய சாக்கெட், ஒரு குழாய்த்துண்டு, இவற்றை வைத்து நானே ஒரு இழுப்பான் செய்தேன்.

நட்டை முறுக்க முறுக்க பேரிங் ஒரு 3 மில்லி நகர்ந்தது. அப்புறம் நட்டு மட்டும் சுற்றியது, பேரிங் அசையவில்லை. கழற்றிப் பார்த்தால் கம்பியின் மரை பஞ்சு போல உரிந்து நட்டுக்குள் சுருண்டு கிடந்தது. பேரிங் கோணலாக நிற்கிறது, கார் ஸ்டாண்டில் நிற்கிறது.

இரண்டு கேள்விகள். இதைச் சரியாக எப்படிச் செய்வது? இன்னொன்று, கையால் செய்த கருவியை எந்த வேலை வரை நம்பலாம்? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

#2 – கரிக்கை

தம்பி, உங்கள் யோசனையில் தப்பில்லை. கம்பியில்தான் தப்பு. ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மரைக்கம்பி மிருதுவான இரும்பு. கூரைத் தகடு, குழாய் தொங்கவிடுவதற்குச் சரி, பேரிங் இழுக்கத் தாங்காது. 8.8 அல்லது 10.9 என்று கேட்டு வாங்குங்கள். தடிமனும் 16 மில்லி இருக்கட்டும்.

அடுத்தது நட்டு. சாதாரண நட்டில் ஆறேழு மரைதான் பிடிக்கும். இரண்டு கம்பிகளை இணைக்கப் பயன்படும் நீள நட்டு இருக்கிறதே, அதைப் போடுங்கள். பாரம் நிறைய மரைகளுக்குப் பங்காகும். மரை முழுக்க மாலிப்டினம் கிரீஸ் தடவுங்கள். காய்ந்த மரையில் நீங்கள் போடும் பலத்தில் பாதிக்கு மேல் உரசலுக்கே போய்விடும்.

#3 – இரவல்ஸ்பேனர்

கரிக்கை அண்ணன் சொன்னதைக் கணக்கோடு சொல்கிறேன்.

போல்ட்டில் 4.8, 8.8 என்று எண் இருக்கும். முதல் எண்ணை 100ஆல் பெருக்கினால் அறுபடும் வலிமை, மெகாபாஸ்கலில். புள்ளிக்குப் பின்னால் இருப்பது அதில் எத்தனை பங்கு வரை நீண்டுபோகாமல் தாங்கும் என்பது. 4.8 என்றால் 400இல் 80 சதவீதம், அதாவது 320. பன்னிரண்டு மில்லி கம்பியில் மரைக்கு உள்ளே பாரம் தாங்கும் குறுக்குவெட்டு சுமார் 84 சதுர மில்லிமீட்டர். பெருக்கினால் 27 கிலோநியூட்டன் வரும், ஏறக்குறைய 2.7 டன்.

இப்போது நீங்கள் அந்த நட்டில் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு கொடுத்திருந்தால் கம்பியில் விழுந்த இழுவிசை தோராயமாக 4 டன். நீண்ட கைப்பிடியில் ஒரு ஆள் சாய்ந்தாலே 100 தாண்டிவிடும். ஆகவே அது உரிந்ததில் ஆச்சரியமில்லை.

16 மில்லி, 8.8 கம்பி என்றால் 157 சதுர மில்லி, 640 மெகாபாஸ்கல். பத்து டன் வரை தாங்கும். அதே 100 நியூட்டன் மீட்டருக்கு அதில் விழுவது 3 டன்தான். மூன்று மடங்கு இடைவெளி இருக்கிறது.

#4 – ஞாயிறுமெக்கானிக்

இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை, நன்றி. கம்பியைத் தடவிப் பார்த்தேன், முனையில் எந்த எண்ணும் இல்லை. நாளைக்கே மாற்றுகிறேன்.

#5 – பட்டறைப்பலகை

வேலையை மறுபடி தொடங்கும் முன் ஒன்று. கோணலாக நிற்கும் பேரிங்கை அப்படியே இழுக்காதீர்கள். வந்த வழியே கொஞ்சம் திருப்பித் தள்ளி நேராக்குங்கள். இல்லையென்றால் நக்கிளின் உள்சுவரில் கோடு விழும். அதோடு, பேரிங் நகராமல் பிடித்திருக்கும் சர்க்கிளிப் வளையத்தைக் கழற்றினீர்களா? இது அவமதிக்கும் கேள்வி இல்லை. துருவும் சேறும் மூடி அந்த வளையம் இருப்பதே தெரியாது. நான் ஒரு மதியம் முழுக்க அதோடு போராடியிருக்கிறேன்.

புதிய பேரிங்கை உள்ளே தள்ளும்போது பலம் வெளிவளையத்தில் மட்டும் விழ வேண்டும். அதற்குக் கடையில் தனி வளையம் விற்கிறார்கள். ஆனால் உங்கள் கையிலேயே அது இருக்கிறது. கழற்றிய பழைய பேரிங்கின் வெளிவளையம்தான் அது, அளவு அச்சாக அதே. அப்படியே வைத்தால் புது பேரிங்கின் பின்னால் போய் அதுவும் இறுகிக்கொள்ளும். கிரைண்டரில் குறுக்காக ஒரே ஒரு வெட்டு போடுங்கள். அப்போது அது கொஞ்சம் சுருங்கும், கையாலேயே வெளியே வரும். பேரிங் இரும்பு கண்ணாடி மாதிரி, சுத்தியலால் அடித்தால் சில்லு தெறிக்கும். முகமூடிக் கண்ணாடி போட்டு வெட்டுங்கள், அதன் மேல் சுத்தியலைக் கொண்டுபோகவே வேண்டாம்.

கடைசியில் சக்கரம் மாட்டும் ஹப்பைப் பேரிங்குக்குள் இழுக்கும்போதுதான் நிறையப் பேர் புது பேரிங்கையே கெடுக்கிறார்கள். பின்பக்கம் தாங்கும் சாக்கெட் பேரிங்கின் உள்வளையத்தில் உட்கார வேண்டும். நக்கிளில் உட்கார்ந்தால் இழுக்கும் பலம் முழுக்க குண்டுகள் வழியாகப் போகும். தடத்தில் குழி விழும். ஆயிரம் கிலோமீட்டரில் அதே 'உம்ம்' திரும்ப வரும்.

#6 – 12வோல்ட்

பட்டறைப்பலகை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஏபிஎஸ் உள்ள வண்டியில் சில பேரிங்குகளின் ஒரு பக்கச் சீலிலேயே காந்த வளையம் இருக்கும். பார்க்க இரு பக்கமும் ஒன்று போலத் தெரியும். திருப்பிப் போட்டுவிட்டால் சக்கர வேகத்தைப் பார்க்கும் சென்சார் ஒன்றும் படிக்காது. ஒரு சின்னக் கிளிப்பைச் சீலின் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள், ஒட்டி இழுத்தால் அதுதான் சென்சார் பக்கம். அந்தப் பக்கத்தில் சாக்கெட்டையோ வலுவான காந்தத்தையோ படவிடாதீர்கள்.

#7 – துருநட்டு

பேச்சு பேரிங்கிலேயே நிற்கிறது, இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். எனக்குப் பிடித்த வீட்டுக் கருவி ஒரு சாண் ரப்பர் குழாய். பழைய பெட்ரோல் குழாய்த்துண்டு போதும்.

ஸ்பார்க் பிளக்கின் மேல்முனையில் அந்தக் குழாயைச் செருகி, பிளக்கை ஓட்டைக்குள் இறக்கி, குழாயை விரலால் சுற்றுங்கள். மரை நேராகப் பிடித்தால் பிளக் சுகமாக இறங்கும். கோணலாகப் பிடித்தால் பிளக் நிற்கும், குழாய் அதன் மேல் வழுக்கும். உங்கள் கையால் தப்பு செய்யவே முடியாது. சாக்கெட்டும் நீட்டிப்பும் போட்டு முதல் சுற்றை முறுக்கினால் அலுமினியத் தலையில் மரை அழிவதை உணரவே மாட்டீர்கள். அலுமினியம் அவ்வளவு மிருது. குழாய் வழுக்குவதுதான் அதன் பலம்.

#8 – மூன்றாம்கியர்

அப்படியென்றால் என்னுடையது: அட்டை. ஒரு மூடியைக் கழற்றும்போது அதே வடிவத்தை அட்டையில் கோடு போட்டு, போல்ட் எங்கிருந்து வந்ததோ அங்கேயே ஓட்டை குத்திச் செருகிவிடுவேன். டைமிங் மூடியில் பதினோரு போல்ட் என்றால் நான்கு விதமான நீளம் இருக்கும். நீளமானதைக் குட்டை ஓட்டையில் போட்டு முறுக்கினால் அடியில் இருக்கும் உலோகமே வெடிக்கும்.

இன்னொன்று, கியர் ஆயில் ஊற்றுவதற்குச் சோப்புக் கரைசல் பாட்டிலின் அமுக்குப் பம்ப். முனையில் குழாய் செருகினால் போதும், பக்கவாட்டு ஓட்டைக்குள் ஆயில் போய்விடும். ஆனால் ஆயிலை வடிக்கும் முன் ஊற்றும் அடைப்பைத் திறந்து பாருங்கள். அது துருப்பிடித்துத் திறக்காமல், உள்ளே இருந்த ஆயிலும் வெளியே போய்விட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

#9 – கரிக்கை

துரு என்றதும் ஞாபகம் வந்தது. அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சரிபாதி கலந்து, இறுகிப்போன நட்டில் விட்டால் நன்றாக ஊடுருவும். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது, ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் விட வேண்டும். ராத்திரி விட்டுவிட்டு காலையில் கை வையுங்கள். முதலில் ஒரு நூல் இறுக்கிப் பாருங்கள், அப்புறம் கழற்றுங்கள். துருவின் பிடி உடைய அந்த அசைவு போதும்.

அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். இதை விட்ட இடத்தில் டார்ச்சைக் காட்டவே கூடாது. சூடு காட்டப் போகிறீர்கள் என்றால் இது வேண்டாம், இது விட்டால் சூடு வேண்டாம். பிரேக் கிளீனர் அடித்த இடத்திலும் அப்படியே. குளோரின் கலந்த கிளீனர் வெல்டிங் சூட்டில் பாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாகும். காய்ந்துவிட்டது என்று கண்ணுக்குத் தோன்றினாலும் இடுக்கில் ஈரம் இருக்கும்.

#10 – புதுச்சாவி

நான் புதியவன். கார் தூக்க ஜாக்கி இருக்கிறது, ஸ்டாண்ட் இல்லை. கட்டடம் கட்டும் கான்கிரீட் கற்களை அடுக்கி அதன் மேல் காரை நிறுத்தி ஆயில் மாற்றினேன். நன்றாகத்தான் நின்றது. இதையும் வீட்டுக் கருவி என்று சேர்த்துக்கொள்ளலாமா?

#11 – பட்டறைப்பலகை

வேண்டாம். தயவுசெய்து இனி ஒருமுறைகூட வேண்டாம்.

கான்கிரீட் கல் சுவருக்காகச் செய்தது. பாரம் அதன் முகம் முழுக்கப் பரவினால் தாங்கும். காரின் அடிச்சட்டம் ஒரு விரல் அகல விளிம்பில் அழுத்துகிறது. கல் வளையாது, முனகாது, ஒரு எச்சரிக்கையும் தராது. நூறு முறை நிற்கும், நூற்றோராவது முறை ஒரே நொடியில் பொடியாகும். உள்ளே குழிவான கல் இன்னும் மோசம். செங்கலும் இதே கதைதான்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். அதற்குள் இருக்கும் சீல் எப்போது கசியும் என்று யாருக்கும் தெரியாது. ஜாக்கி மட்டும் தாங்கும் காருக்கு அடியில் கை விட்டால்கூடத் தப்பு.

வீட்டிலேயே செய்யத்தான் வேண்டும் என்றால் மரம். நல்ல கனமான, வெடிப்பில்லாத சதுரக் கட்டைகளை இரண்டு இப்படி, அடுத்த இரண்டு குறுக்கே என்று கிணற்று உறை போல அடுக்குங்கள். உயரம் அடியின் அகலத்தைத் தாண்டக் கூடாது. பாரம் மிஞ்சினால் மரம் முதலில் நசுங்கும், முறுகும், சத்தம் போடும். உங்களுக்கு வெளியே வர நேரம் தரும். அப்போதும் கழற்றிய சக்கரத்தைப் படுக்கப்போட்டு அடிச்சட்டத்துக்குக் கீழே தள்ளி வையுங்கள். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வையுங்கள்.

#12 – புதுச்சாவி

மனதில் பட்டது அண்ணா. நாளைக்கு முதல் வேலை ஸ்டாண்ட் ஒரு ஜோடி வாங்குவதுதான். அதுவரை கீழே போக மாட்டேன்.

#13 – துருநட்டு

நல்ல முடிவு. இதே வரிசையில் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கையும் சேருங்கள். கம்பியால் கட்டியும், சாதாரணக் கொக்கி போல்ட்டால் அமுக்கியும், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டைப் பிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முன் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் பல நூறு கிலோ விசையை அடக்கி வைத்திருக்கிறது. கட்டு நழுவினால் அது முகத்துக்கு நேராகத்தான் வரும். அதற்குரிய கம்ப்ரசரை இரவலாவது வாங்குங்கள்.

ஞாயிறுமெக்கானிக் கேட்டதற்கு என் அளவுகோல் இதுதான். செய்யும் முன் ஒரு நிமிடம் நின்று, "இது உடைந்தால் எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டுக்கொள்வேன். உங்கள் மரைக்கம்பி உரிந்தது, போனது ஒரு கம்பியும் ஒரு மதியமும். ஸ்பிரிங்கும் காரின் எடையும் அப்படி விடாது.

#14 – 12வோல்ட்

மின்சாரப் பக்கத்தை யாரும் தொடவில்லை. ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பு, இரண்டு ஒயர், ஒரு முதலைக் கிளிப். என் டிக்கியில் எப்போதும் இருக்கும் சோதனை விளக்கு இதுதான்.

மல்டிமீட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். ஒயருக்குள் இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12.4 என்று காட்டும். மீட்டர் ஏறக்குறைய கரண்டே இழுக்காது, அதனால் அந்த ஒரு இழையும் அதற்குப் போதும். பல்பு 21 வாட் என்றால் ஒன்றே முக்கால் ஆம்பியர் கேட்கும், கெட்ட இணைப்பில் மங்கிப்போகும். முகப்பு விளக்கு மங்கல், வைப்பர் மந்தம், ஹாரன் கரகரப்பு, இப்படி வரும் புகார்களில் பாதியை இந்தப் பல்பே காட்டிக்கொடுத்துவிடும்.

இதை இன்ஜின் கணினியான ஈசியூவுக்குப் போகும் ஒயர்களில் வைக்காதீர்கள், அவை அவ்வளவு கரண்டைத் தாங்காது. மஞ்சள் நிற இணைப்பான்களைத் தொடவே வேண்டாம், அவை ஏர்பேக்குக்குப் போகிறவை.

#15 – மூன்றாம்கியர்

ஒரு ஆளாகப் பிரேக் ஆயில் மாற்றுவதற்கு யாராவது எளிய வழி சொல்லுங்களேன். பெடலை மிதிக்க வீட்டில் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கிறது.

#16 – கரிக்கை

உள்ளே தெரிகிற மாதிரி ஒரு மீட்டர் பிளாஸ்டிக் குழாய், மூடியுள்ள ஒரு பாட்டில். மூடியில் இரண்டு ஓட்டை, ஒன்று குழாய்க்கு, ஒன்று காற்றுக்கு. பாட்டிலில் இரண்டு விரல் உயரம் புது பிரேக் ஆயில் ஊற்றி, குழாயின் முனை அதற்குள் முங்கியிருக்கும்படி இறக்குங்கள். மறுமுனை, சக்கர பிரேக்கில் ஆயிலை வெளியே விடும் பிளீடர் நிப்பிளில். பாட்டிலை நிப்பிளை விட உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். நிப்பிளைக் கால் சுற்று திறந்து, பெடலை மெதுவாக மிதித்து மெதுவாக விடுங்கள். பெடல் திரும்பும்போது காற்றுக்குப் பதில் ஆயில்தான் குழாயில் பின்வாங்கும்.

மேல் டேங்க்கை ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை பாருங்கள், வற்ற விட்டால் எல்லாம் முதலிலிருந்து. எந்தச் சக்கரம் முதலில் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் பாருங்கள். டாட் 3, டாட் 4 ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், திறந்து பல மாதம் வைத்ததை ஊற்றாதீர்கள். பெயின்ட்டில் சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அது பெயின்ட்டைத் தின்னும்.

#17 – ஞாயிறுமெக்கானிக்

நான்கு நாள் கழித்து வருகிறேன். 16 மில்லி, 8.8 எண் போட்ட கம்பி, நீள நட்டு, மாலிப்டினம் கிரீஸ். நட்டுக்கும் வாஷருக்கும் நடுவே ஒரு பழைய த்ரஸ்ட் பேரிங்கும் வைத்தேன், முறுக்குவது இன்னும் இலகுவாயிற்று. கோணலை நேராக்கி இழுத்தேன். முதல் அரைச் சுற்றில் 'டக்' என்று ஒரு சத்தம், துரு விட்ட சத்தம். அப்புறம் சீராக வந்தது.

புது பேரிங்கை இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்தேன், நக்கிளை ஹாட் ஏர் கன்னால் கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவந்தேன். பாதி தூரம் கைத்தள்ளலிலேயே போனது. மீதிக்குப் பழைய வளையமும் கம்பியும். சர்க்கிளிப் 'கிளிக்' என்று காடியில் விழுந்தது.

இப்போது ஒரே சிக்கல், ஆக்ஸில் நட்டு. என் கையேட்டில் 200 நியூட்டன் மீட்டர் என்று இருக்கிறது. முறுக்கை அளந்து இறுக்கும் என் டார்க் ரெஞ்ச் 110இல் முடிந்துவிடும்.

#18 – இரவல்ஸ்பேனர்

வீட்டில் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு இருக்கிறதா? அது போதும்.

முறுக்கு என்பது விசையும் தூரமும் பெருக்கியது. கைப்பிடியின் மேல் குழாய் மாட்டி, சாக்கெட்டின் நடுப்புள்ளியிலிருந்து சரியாக 80 சென்டிமீட்டரில் ஒரு கோடு போடுங்கள். தராசின் கொக்கி அந்தக் கோட்டில். 200ஐ 0.8ஆல் வகுத்தால் 250 நியூட்டன், தராசில் 25.5 கிலோ. நட்டு நகர்ந்துகொண்டிருக்கும்போதே தராசு அந்த எண்ணைத் தொட வேண்டும், தொட்டதும் நிறுத்துங்கள்.

இரண்டு இடத்தில் கவனம். குழாயை நேர் மேலே நிற்கும்படி வைத்துத் தராசைக் கிடைமட்டமாக இழுங்கள். அப்போது குழாயின் எடை கணக்கில் சேராது. இழுக்கும் திசை குழாய்க்குச் செங்குத்தாக இருக்கட்டும். 30 டிகிரி சாய்ந்தால் 13 சதவீதம் குறைந்துபோகும். முதலில் உங்கள் டார்க் ரெஞ்ச்சாலேயே ஒரு சக்கர நட்டை 100க்கு இறுக்கி, அதே நட்டைத் தராசால் இறுக்கிப் பாருங்கள். 12.7 கிலோவைத் தாண்டும் வரை நட்டு அசையாமல் இருந்தால் உங்கள் அளவு சரி.

ஆக்ஸில் நட்டைக் கடைசியாக இறுக்கும்போது சக்கரம் தரையில் இருக்கட்டும், கார் ஸ்டாண்டின் மேல் இருக்கும்போது அந்தப் பலத்தில் இழுக்காதீர்கள். அடித்து மடக்கும் வகை நட்டு என்றால் புதியது போடுங்கள்.

#19 – ஞாயிறுமெக்கானிக்

முடிந்தது. சோதனைக்குச் சக்கர நட்டை இழுத்தபோது தராசு 13ஐத் தொட்ட பிறகுதான் நட்டு ஒரு மயிரிழை நகர்ந்தது. அந்த நம்பிக்கையில் ஆக்ஸில் நட்டை 25.5க்குக் கொண்டுபோனேன். புது நட்டு, விளிம்பை மடக்கிவிட்டேன்.

இறுக்கும் முன்பே, சக்கரத்தைத் தூக்கி வைத்திருந்தபோது, ஸ்பிரிங் மேல் கை வைத்துச் சுற்றிப் பார்த்தேன். விரலில் ஒன்றுமே தெரியவில்லை, பேட் லேசாக உரசும் ஓசை மட்டும். இன்று முப்பது கிலோமீட்டர் ஓட்டினேன், அந்த 'உம்ம்' இல்லை. வந்து நின்றதும் ஹப்பின் மேல் கை வைத்தேன், இரு பக்கமும் ஒரே சூடு.

கம்பியை மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் தடவி, துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். யாருக்காவது வேண்டுமென்றால் வளையத்தை வெட்டிய அளவோடு படம் போடுகிறேன். அடுத்த வாரம் பின்பக்க பிரேக் பேட். ஜி கிளாம்ப்பால் பிஸ்டனை அமுக்கினால் உள்ளே போக மறுக்கிறது.

#20 – பட்டறைப்பலகை

நிறுத்துங்கள், அமுக்க வேண்டாம். பிஸ்டன் முகத்தில் குறுக்காகக் காடி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது திருகி உள்ளே போகும் வகை, ஹேண்ட்பிரேக் அதற்குள்ளேயே இருக்கும். அமுக்கினால் உள்ளிருக்கும் மரை போய்விடும். அந்தக் காடிக்குப் பொருந்தும்படி ஒரு பழைய சாக்கெட்டின் வாயில் இரண்டு பல் விட்டு மீதியைக் கிரைண்டரில் எடுத்துவிட்டால் போதும், அதையே ராட்செட்டில் மாட்டி அழுத்திக்கொண்டே திருகலாம். பெரும்பாலும் வலப்பக்கம் சுற்றினால் உள்ளே போகும். பட்டனில் இயங்கும் ஹேண்ட்பிரேக் என்றால் மட்டும் முதலில் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். காடியின் படத்தைப் போடுங்கள், அளவு சொல்கிறேன்.